கதவுக்கு அடியில் வரும் காற்று

1

இது எனக்குத் தோன்றிய கதை இல்லை, என்னிடம் கேட்டு வாங்கிய கதை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் எங்கேயாவது நான் தடுமாறினால் காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அதிராம்பட்டினத்தில் வீட்டோடு டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, பள்ளிக்கூட வினாத்தாள், துக்க அறிவிப்பு. மிச்ச நேரத்தில் கதை எழுதுவேன். இப்போதெல்லாம் நேரம் மிஞ்சினாலும் கண்ணில் பார்வை மிஞ்சுவதில்லை. அப்படி ஒரு மத்தியானத்தில்தான் குவைத்திலிருந்து ஜாஃபர் சாதிக்கின் குரல்பதிவு வந்தது. எங்கள் ஊர்க்காரர்கள் அங்கே நடத்துகிற நலச் சங்கத்துக்கு அவர் செயலாளர். எங்கள் பக்கத்தில் அக்காவை லாத்தா என்போம்.

"ஷமீரா லாத்தா, அஸ்ஸலாமு அலைக்கும். நம்ம சங்கத்து மலருக்கு இந்தத் தடவ நீங்க ஒரு கதை தரணும். சும்மா கதை வேணாம். குளிர்காலத்துல நம்ம ஆளுங்க கேபினுக்குள்ள கேஸ் ஹீட்டரைப் போட்டுக்கிட்டுத் தூங்குறாங்க பாருங்க, அதப்பத்தி. நோட்டீஸ் அடிச்சுக் குடுத்தோம், எவனும் படிக்கல. அதுல ரொட்டிய மடிச்சு எடுத்துட்டுப் போறானுங்க. கதைன்னா படிப்பாங்க."

கதை என்றால் படிப்பார்கள் என்று இன்னும் நம்புகிற ஒரு மனிதர் இருக்கிறார் என்பது ஆச்சரியமாக இருந்தது. அதற்காக அவரிடம் மறுக்க முடியவில்லை.

ஏன் என்னைக் கேட்டார் என்பதை அவர் சொல்லவில்லை. எங்கள் இருவருக்கும் தெரியும். என் வீட்டு மாடியில் குடியிருப்பவள் சாஜிதா. அவள் கணவன் அன்சார் போன குளிர்காலத்தில் குவைத்தில் அப்படி ஓர் அறையிலிருந்து உயிரோடு வந்தவன். அவனோடு அதே அறையில் படுத்திருந்த தமிழ்மாறன் வரவில்லை.

2

முதல் தொடக்கம்:

‘பாலைவனத்தின் மேல் பனி மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்தக் காலையில், தகரத்தாலான அந்தச் சின்ன அறைக்குள்—’

வேண்டாம். நான் பாலைவனத்தைப் பார்த்ததில்லை. பார்க்காத பனியை இறக்கிவிட எனக்குத் தெம்பில்லை.

இரண்டாவது தொடக்கம்:

‘பின்பக்கம் சிலிண்டரை வைத்து, சக்கரத்தில் உருட்டிக்கொண்டு போகிற கேஸ் ஹீட்டர் அறையில் இருக்கிற காற்றையே எடுத்துக்கொண்டுதான் எரிகிறது. அறைக்குள் புதுக்காற்று வர வழி இருந்தால் பிரச்சினை இல்லை. வழி இல்லாவிட்டால், எரிய எரியக் காற்றில் பிராணவாயு குறையும். தீ அரைகுறையாக எரியத் தொடங்கும். அப்போது உண்டாவது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண்ணும் எரியாது.’

இது கதைத் தொடக்கம் இல்லை, நோட்டீஸ். இருந்தாலும் இருக்கட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.* ரொட்டி மடிப்பவர்கள் இந்தப் பக்கத்தை மட்டுமாவது கிழிக்காமல் இருந்தால் சரி.

(* இன்னும் கொஞ்சம் நோட்டீஸ். சிலிண்டர் கசிந்தால் மூக்குக்குத் தெரியும். அதற்கென்றே நாற்றம் சேர்த்துத்தான் அடைக்கிறார்கள். நான் சொல்வது கசிவை அல்ல. ஹீட்டர் ஒழுங்காக எரிவது போலத் தெரியும்போதே உண்டாகிற நஞ்சை. முதலில் தலை வலிக்கும், குமட்டும், கால் தளரும், பேச்சு குழறும். தின்றது ஒத்துக்கொள்ளவில்லை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். தூங்குகிறவர்களுக்கு இவ்வளவுகூடத் தெரியாது. காற்றுக் குறைந்தால் தானே அணைந்துவிடுகிற ஹீட்டர்கள் வந்துவிட்டன. அதை நம்பியும் தூங்கக் கூடாது. படுக்கும்முன் அணைத்துவிட வேண்டும்.)

மூன்றாவது தொடக்கம்:

‘சாஜிதா பின்கட்டில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.’

இது உண்மை. இதிலிருந்தே போகிறேன்.

3

சாஜிதா பின்கட்டில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். தண்ணீர்க் குடத்தில் செல்போனைச் சாய்த்து வைத்திருந்தாள். இங்கே வெயில் ஏறியிருந்தது. அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான். ஓர் அரபியின் பாலைவனத் தோட்டத்தில் அன்சாருக்குக் காவல் வேலை. முந்தின நாள் முதலாளியின் விருந்தாளிகள் வந்துபோயிருந்தார்கள். அதனால் காவல்காரர்கள் இருவரும் அன்றைக்கு மெதுவாக எழுந்தால் போதும்.

திரையில் அன்சாரின் முகம். அவனுக்குப் பின்னால் ஹீட்டரின் சிவந்த வலை. அதற்கும் பின்னால் இன்னொரு கட்டில், அதில் ஒரு கம்பளி.

இதற்கு அடுத்து நான் இப்படி எழுதினேன்:

‘கணவனின் முகத்தைப் பார்த்த கணமே அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஹீட்டர அணைங்க மச்சான்! கதவத் திறங்க!" என்று வீறிட்டாள்.’

எழுதியதை மாடிக்குக் கொண்டுபோய் சாஜிதாவிடம் படித்துக் காட்டினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தாமலே கேட்டாள்.

"இது யாரு லாத்தா?"

"நீதான்."

"நான் இப்படிச் சொல்லலியே."

"என்ன சொன்னே?"

"எனக்கு ஹீட்டரப் பத்தியெல்லாம் என்னா தெரியும்? தல வலிக்குதுன்னாங்க. ராத்திரி தின்ன கறி சேரல போலன்னாங்க. என்னைப் போயி தஹ்மீனான்னு கூப்புட்டாங்க, அவங்க தங்கச்சி பேரு. என்னா மச்சான், பொண்டாட்டி பேரு மறந்துபோச்சான்னு நான் சிரிச்சேன். அப்பறம் வாந்தி வருதுன்னாங்க. அய்யோ, மெத்தையில எடுத்துத் தொலைக்காதீங்க, எந்திரிச்சு வெளியில போங்கன்னேன். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். மெத்தை பாழாயிடுமேன்னு சொன்னேன். அந்த மெத்தையக் கழுவப்போறது நானும் இல்ல."

அன்சார் எழுந்தான். போன் கட்டிலில் மல்லாந்து விழுந்தது. திரையில் தகரக் கூரை. ஏதோ இழுபடுகிற சத்தம், கதவு முட்டுகிற சத்தம், பிறகு ஒன்றும் இல்லை. வாந்தி எடுத்துவிட்டு வருவார் என்று அவள் காத்திருந்தாள். மீனைக் கழுவி உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசறினாள். கூரை அப்படியே இருந்தது. கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, டாய்லெட்டுக்குப் போயிருப்பார் என்று அழைப்பைத் துண்டித்தாள்.

அன்சார் கதவைத் தாண்டி மணலில் விழுந்துகிடந்தான். தண்ணீர் லாரி ஓட்டி வந்த வங்காளி அவனைப் பார்த்தான். பிறகு உள்ளே எட்டிப் பார்த்தான்.

(என்னுடைய சாஜிதா புத்திசாலி. நிஜமான சாஜிதா மெத்தையைப் பற்றிக் கவலைப்பட்டவள். எழுத்தாளருக்கு முன்னவள் வசதி. ஆனால் ஒரு மனிதனை வெளியே கொண்டுவந்தது பின்னவள்தான். வீறிட்ட வரியை அடித்துவிட்டேன். அடித்தது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக மேலே அப்படியே விட்டிருக்கிறேன்.)

4

துணி மடித்து முடித்த பிறகும் நான் இறங்கவில்லை. அவளும் போகச் சொல்லவில்லை. உள்ளறையில் அன்சார் படுத்திருந்தான். ஆஸ்பத்திரியில் பிராணவாயு வைத்துப் பிழைக்கவைத்து அனுப்பினார்கள். ஊருக்கு வந்து மாதங்கள் ஆகிவிட்டன. டீயைக் கையில் கொடுத்தால் வைத்த இடத்தை மறந்துவிடுகிறான். கேட்டால் பதில் சொல்கிறான், தானாகப் பேசுவதில்லை. அன்று நடந்ததைப் பற்றி யார் கேட்டாலும் "தூங்கிட்டேன்" என்பதுதான் பதில்.

"லாத்தா," என்றாள் சாஜிதா. "நான் மெதுவாத்தான் பேசினேன்."

எனக்கு விளங்கவில்லை.

"அன்னைக்கு. பின்னால அவரு போத்திக்கிட்டுப் படுத்திருந்தாரு. வெளி ஆம்பள தூங்குற எடம். சத்தமாப் பேசினா முழிச்சுக்குவாரேன்னு குரலத் தணிச்சுத்தான் பேசினேன். நீங்க எழுதியிருக்கீங்க பாருங்க, வீறிட்டான்னு. அப்படி வீறிட்டிருந்தா அவரு எந்திரிச்சிருப்பாரு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ‘அப்படியெல்லாம் இல்லை, அவர் அதற்கு முன்பே—’ அந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை, இங்கேயும் முடிக்கவில்லை. அவர் அதற்கு முன்பே என்ன ஆனார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

"எழுதுவீங்களா இத?"

"எழுதவா?"

"மொதல்ல அந்தப் பொண்ணுகிட்ட நான் சொல்லணும். அப்பறம் எழுதுங்க. ஒத்தையில போக முடியல. நீங்க வாங்க."

அந்தப் பெண் என்றது தமிழ்மாறனின் மனைவி கனிமொழியை. திருத்துறைப்பூண்டியைத் தாண்டி ஒரு கிராமம். குவைத்தில் அன்சாரும் தமிழ்மாறனும் ஒரே சட்டியில் ஆக்கித் தின்றவர்கள். இங்கே அவர்களுடைய மனைவிமார் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

5

முத்துப்பேட்டை வழியாகப் பஸ்ஸில் போனோம். (இந்த இடத்தில் வாய்க்காலையும் சம்பா நாற்றையும் பற்றி அழகாக ஒரு பத்தி எழுதினேன். சாஜிதா ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை என்பது ஞாபகம் வந்ததும் எடுத்துவிட்டேன்.)

வாசலில் தமிழ்மாறனின் அப்பா மருதையன் யூரியா மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். யார் என்று சொன்னதும் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"அன்சாரு தம்பி சம்சாரமா? வாங்கம்மா. தம்பி நல்லாருக்கா?"

"இருக்காங்க மாமா."

"இருக்கட்டும். அதுவாவது இருக்கட்டும்." பிறகு யாருக்கோ சொல்வது போல, "கேஸு லீக்காயிருச்சுன்னாங்க. அரபி பழைய சாமானத் தூக்கிக் குடுத்திருக்கான். புதுசாக் குடுத்திருந்தா எம்மவன் இருந்திருப்பான்," என்றார்.

லீக் இல்லை என்று எனக்குத் தெரியும். ஜாஃபர் சாதிக்குக்காக அதையெல்லாம் படித்துவைத்திருந்தேன். ஆனால் யூரியா வாடை அடிக்கும் வாசலில் நின்றுகொண்டு ஒரு தகப்பனிடம் வாயுவுக்கும் வாயுவுக்கும் வித்தியாசம் சொல்ல வரவில்லை.

கனிமொழி உள்ளே தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் துணி அடுக்கியிருந்தது. நான் எதிர்பார்த்ததைவிடச் சின்னப் பெண். பி.காம் படித்தவள். நாற்காலி எடுத்துப் போட்டாள், டீ போட்டாள். டீ ஆறும் வரைக்கும் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பிறகு சாஜிதா சொன்னாள். பின்கட்டு, மீன், குடத்தில் சாய்த்த போன், கம்பளி, தான் தணித்துக்கொண்ட குரல். ஒன்றையும் விடாமல், தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாமல் சொன்னாள்.

கனிமொழி ஊசியில் கோத்திருந்த நூலை விரலால் நீவிக்கொண்டே கேட்டாள்.

"இதுக்காகவா அக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

சாஜிதா தலையாட்டினாள்.

"பக்கத்துல ஒருத்தர் தூங்குறாரேன்னு மெதுவாப் பேசியிருக்கீங்க. அது ஒரு தப்பா? எந்த ஊர்ல அக்கா அது தப்பு?" என்றாள். "அவரு படுத்தா எந்திரிக்கிற ஆளும் இல்ல. இங்க லீவுல வந்தா எங்க மாமா வாளித் தண்ணிய எடுத்துட்டு வருவாரு."

சாஜிதா அழுதாள். அத்தனை மாதமாக அவள் அழுது நான் பார்த்ததில்லை. கனிமொழி எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கதை இங்கே முடிந்திருந்தால் நான் இப்போது படுத்துத் தூங்கியிருப்பேன்.

"எனக்கு ஒரே ஒரு ஆறுதல் உண்டு அக்கா," என்றாள் கனிமொழி. "அங்க கதவுக்கு அடியில ஊதக்காத்து வந்துக்கிட்டே இருக்கும்னு சொல்லுவாரு. காலெல்லாம் வெறைச்சுப்போவுமாம். போன தடவ லீவுல வந்தப்ப கதவு அளவு கேட்டு, என் பழைய சேலைய மடிச்சு, உள்ள பஞ்சு அடைச்சு, நீளமா தலகாணி மாதிரி தைச்சுக் குடுத்தேன். கதவாண்ட போட்டா காத்து நின்னுடும். வெளியில தெரிஞ்சா சிரிப்பாங்கன்னு பெட்டிக்குள்ளயே வெச்சிருந்தாரு போல. கடைசியா பேசினப்ப சொன்னாரு, ‘இன்னைக்கு உன் தலகாணிய எடுத்துப் போட்டாச்சு, ஒரு பொட்டுக் காத்து வரல, கதகதன்னு இருக்கு’ன்னு. அன்னைக்கு ஒரு ராத்திரியாவது குளிராமத் தூங்கினாரே."

நான் சாஜிதாவைப் பார்க்கவில்லை. அவளும் என்னைப் பார்க்கவில்லை.

"என் தம்பி அறிவுச்செல்வனும் குவைத்துக்குப் போறான். தோட்ட வேலதான். தீவாளி முடிஞ்சதும் கெளம்புறான். அவனுக்கும் ஒண்ணு தைக்கணும்," என்று சொல்லிவிட்டு யூனிஃபார்ம் துணிக்கு அடியிலிருந்து ஒரு சேலையை எடுத்துக் காட்டினாள். "இது தடிப்பா இருக்கும்ல அக்கா?"

6

வீட்டுக்கு வந்ததும் சாஜிதா நேராக உள்ளறைக்குப் போனாள். நான் வாசற்படியில் நின்றேன். கேட்கக் கூடாதுதான். எழுதுகிறவர்களுக்கு இது ஒரு கெட்ட பழக்கம்.

"மச்சான். அன்னைக்கு கதவு ஏன் முட்டுச்சு?"

"தூங்கிட்டேன்," என்றான் அன்சார்.

"தூங்கல. எந்திரிச்சீங்க. கதவ இழுத்தீங்க. சத்தம் கேட்டுச்சு எனக்கு. ஏன் முட்டுச்சு?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அவன் சொன்னான். "கீழ துணி இருந்துச்சு. நீளமா, உருட்டித் தைச்சது. கதவு உள்பக்கம் தொறக்கணும், அது அடியில மாட்டிக்கிச்சு. காலால எத்தி எத்தித்தான்..."

"எத்தன நாளா இருந்துச்சு அது?"

"அன்னைக்குத்தான். அதுக்கு முன்னால ஒரு மாசமா அதே ஹீட்டர்தான். தல கூட வலிக்கல. கதவடியில காத்து வரும், குளிரும், ஆனா ஒண்ணும் ஆவல. அன்னைக்குக் காத்து ரொம்ப. தமிழு பெட்டியத் தொறந்து எடுத்தான். ‘எம் பொண்டாட்டி தைச்சது’ன்னு காட்டினான். எனக்கும் சேத்துக் கதகதன்னு இருக்கும்னான்."

"நீங்க யார்கிட்டயும் சொல்லலியே."

"யார்கிட்டப் போய் சொல்றது? அந்தப் புள்ளகிட்டயா?"

அவன் ‘தூங்கிட்டேன்’ என்றே சொல்லிக்கொண்டிருந்ததன் காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதுவரைக்கும் என் குறிப்புகளில் அவனை ‘மூளை மந்தமானவன்’ என்று எழுதிவைத்திருந்தேன். அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். டீயை மறப்பது உண்மைதான். இதை அவன் மறக்கவில்லை.

7

அறிவுச்செல்வனைத் தேடி நாங்கள் போக வேண்டியிருக்கவில்லை. அடுத்த வாரம் அவனே வந்தான். அங்கே என்னென்ன கொண்டுபோக வேண்டும், அரபி எப்படிப் பேசுவான், எந்த மாதத்தில் குளிர் தொடங்கும் என்று அன்சாரிடம் கேட்டுக்கொண்டு போகத்தான் வந்திருந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். புது ஷூ போட்டிருந்தான். மாடிப்படியில் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் ஏறினான்.

அன்சார் எழுந்து உட்கார்ந்தான். கேட்டதற்கெல்லாம் சொன்னான். கம்பளி அங்கேயே வாங்கிக்கொள்ளலாம், ஊறுகாய் கொண்டுபோ, பாஸ்போர்ட்டை நகல் எடுத்து வை. பிறகு, நான் அதுவரை அவனிடம் கேட்டிராத குரலில் பேசினான்.

"தம்பி, கேபினுக்குள்ள ஹீட்டர் குடுப்பாங்க. கரண்டுல ஓடுறதாக் கேளு. இல்லன்னு கேஸுதான் குடுத்தா, ஜன்னல் ஒரு பக்கம் கொஞ்சம் தொறந்திருக்கணும். கதவடி அடைக்கவே கூடாது. ரூம் சூடானதும் அணைச்சிட்டுத்தான் படுக்கணும். கார்பன் மோனாக்சைடு அலாரம்னு கடையில விக்கிறான், ஒண்ணு வாங்கித் தலமாட்டுல மாட்டு. தல வலிச்சா மாத்திரை தேடாத. கதவத் தொறந்துக்கிட்டு வெளியில ஓடு. பக்கத்துல படுத்திருக்கிறவன அடிச்சு எழுப்பி இழுத்துக்கிட்டு ஓடு. வெளங்குதா?"

"சரிண்ணே."

"உங்க அக்கா ஒண்ணு தைச்சுக் குடுக்கும். வாங்கிக்க. வேணாம்னு சொல்லிடாத. ஆனா அத கதவாண்ட போடாத."

"ஏண்ணே?"

சாஜிதா அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்தப் பையன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். என் முகத்துக்கு வந்தபோது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"அப்ப மாமா..."

"ஆமா தம்பி."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கீழே தெருவில் ஐஸ்காரன் போனான்.* "அக்காவுக்குத் தெரியவே கூடாதுண்ணே," என்றான். "தெரிஞ்சா தாங்காது. அது ஒண்ணச் சொல்லித்தான் எங்கம்மாகிட்ட கூட அழாம பேசுது." பிறகு என் பக்கம் திரும்பினான். "நீங்கதானே கதை எழுதுறவங்க? சங்கத்து மலர்ல இதப்பத்தி எழுதுறீங்களாமே. அதுல இது வருமா?"

(* ஐஸ்காரன் போனது உண்மை. கதைக்கு அவனால் ஒரு பிரயோசனமும் இல்லை. அந்த நேரத்தில் நாங்கள் எல்லோரும் அவன் மணியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.)

8

வருமா?

மலர் அச்சாவதோடு நிற்காது. பிடிஎஃப் ஆகும். வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். அதிராம்பட்டினத்திலிருந்து முத்துப்பேட்டை, முத்துப்பேட்டையிலிருந்து திருத்துறைப்பூண்டி. ஒருநாள் யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருக்கும்போது கனிமொழியின் போனுக்கும் வரும். பெயரை மாற்றலாம். மாற்றியிருக்கிறேன். தலையணை தைத்தவளுக்கு அது தன் தலையணை என்று தெரியாமல் போகாது.

ஆகவே முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் தலையணையே இல்லை. ‘அறையைக் காற்றுப் புகாமல் அடைக்காதீர்கள்’ என்று பொதுவாக முடித்துவிட்டேன். யாருக்கும் நோகாது. யாருக்கும் உறைக்கவும் உறைக்காது. அடைப்பது என்றால் சுவர் எழுப்புவது என்று நினைத்துக்கொள்வார்கள். மனைவி அனுப்பிய துணி, பழைய ஜமுக்காளம், ஜன்னலில் ஒட்டிய டேப், இதையெல்லாம் அடைப்பு என்று யார் நினைக்கிறார்கள்?

இரண்டாம் முடிவில் அதைக் கடையில் வாங்கினான் என்று எழுதினேன். நான்கு வரியிலேயே பொய் பல்லிளித்தது.

மூன்றாம் முடிவில் தமிழ்மாறன் எழுந்துவிடுகிறான். இவ்வளவு புழுக்கமா, வியர்க்கிறதே என்று முணுமுணுத்துக்கொண்டே வருகிறான், கதவடியில் கிடப்பதைக் காலால் தள்ளுகிறான், வெளியே போய் மணலில் ஒன்றுக்குப் போகிறான், வானத்தைப் பார்த்துக் கொட்டாவி விடுகிறான். உள்ளே அன்சார் யாரோடோ போனில் பேசிக்கொண்டிருப்பது கேட்கிறது. ஒரு பக்கம் முழுக்க இதை எழுதினேன். நான் எழுதியதிலேயே நல்ல பக்கம் அதுதான். படித்துவிட்டு அழித்தேன்.

பிறகு எதுவும் எழுதவில்லை. ஜாஃபர் சாதிக் கேட்டுக் கேட்டுக் குரல்பதிவு அனுப்பினார். ஒரு பஞ்சாயத்துத் தேர்தல் நோட்டீஸும் இரண்டு பூப்புனித நீராட்டு அழைப்பிதழும் அடித்துக் கொடுத்தேன். என் களைப்பு எனக்கே அலுத்துப்போனது.

ஒரு காலையில் சாஜிதா இறங்கி வந்தாள்.

"லாத்தா, அந்தப் பொண்ணு போன்ல பாத்துத் தெரிஞ்சுக்கிறது சரியில்ல."

"வேற எப்படி?"

"நான் சொன்னப்ப அது கேட்டுச்சுல்ல? மூஞ்சியச் சுளிக்காம, உக்காத்தி வெச்சு, டீ குடுத்துக் கேட்டுச்சு. அதுக்குத் தெரியாததையெல்லாம் நாம மூணு பேரு மூட்ட கட்டி வெச்சிருக்கோம். இப்ப அந்தப் பையனும் சேந்து நாலு பேரு. செத்தது அதோட புருஷன், லாத்தா. நம்ம புருஷன் இல்ல."

"தாங்காதுன்னு அவன் சொன்னானே."

"தாங்காதுதான். கூட இருப்போம்."

9

மறுபடியும் போனோம். இந்தத் தடவை அன்சாரும் வந்தான். பஸ்ஸில் ஏறுவதற்கே அவனைக் கைப்பிடித்துத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. அக்காவைப் பார்க்க வந்திருந்த அறிவுச்செல்வன் வாசலில் எங்களைப் பார்த்ததும் எதற்கு வந்திருக்கிறோம் என்று தெரிந்துகொண்டான். தடுக்கப்போகிறான் என்று நினைத்தேன். தடுக்கவில்லை. மருதையனைக் கூப்பிட்டுக்கொண்டு வயல் பக்கம் போய்விட்டான்.

சொன்னது அன்சார்தான். நாங்கள் சொல்லலாம் என்றிருந்தோம், அவன் விடவில்லை. லீக் இல்லை என்பதிலிருந்து தொடங்கினான். ஹீட்டர் எரிந்த விதம், அதுவரை கதவடியில் வந்த காற்று, அன்று அது நின்றது. நடுநடுவே சொல் மறந்து நின்றான். அப்போதெல்லாம் கனிமொழி காத்திருந்தாள். ஒருமுறை மறந்த சொல்லை அவளே எடுத்துக் கொடுத்தாள். அந்தச் சொல் ‘பஞ்சு’.

முடிந்ததும் அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். சாஜிதா பின்னாலேயே போனாள். நானும் அன்சாரும் உட்கார்ந்திருந்தோம். மிஷினில் பாதி தைத்த கால்சட்டை ஒன்று ஊசியிலேயே நின்றுகொண்டிருந்தது.

அவள் திரும்பி வந்து எங்கள் எதிரில் உட்கார்ந்து பேசினாள். நிறையப் பேசவில்லை.

அவள் பேசியதை இங்கே எழுதியிருந்தேன். அதுதான் இந்தக் கதையின் முடிவு. எழுதியதை அவளுக்கே அனுப்பினேன், முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும். மூன்று நாள் பதிலில்லை. பிறகு போன் செய்தாள்.

"படிச்சேன் அக்கா. தலகாணியப் போடுங்க. அளவு எடுத்துத் தைச்சது, பஞ்சு வெச்சது, எல்லாத்தையும் போடுங்க. அப்பத்தான் தைக்கிறவங்களுக்குப் புரியும். மாமா வாளித் தண்ணி எடுத்துட்டு வர்றதையும் போடுங்க. நான் கடைசியா உங்க எல்லார்கிட்டயும் சொன்னேன்ல, அது மட்டும் வேணாம்."

"சரிம்மா," என்றேன்.

"அது எங்க வீட்டு விசயம்," என்றாள்.

ஆகவே அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். அவள் சொன்னது என்ன என்று எனக்குத் தெரியும், சாஜிதாவுக்கும் அன்சாருக்கும் தெரியும். உங்களுக்கு அது வேண்டாம். நீங்கள் ஊகித்து வைத்திருப்பது எதுவாக இருந்தாலும் அது அவள் சொன்னது இல்லை.

அறிவுச்செல்வன் போன வாரம் புறப்பட்டுப் போனான்.

கதைக்கு ஒரு முடிவு இல்லாமல் அச்சுக்குக் கொடுக்க முடியாது என்றார் ஜாஃபர் சாதிக். வேறு யாரிடமாவது கேட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அப்படி உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. உங்கள் ஆள் யாராவது இப்போது ஒரு குளிர் தேசத்து அறையில் இருந்தால், இதை மூடி வைத்துவிட்டு அவரைக் கூப்பிடுங்கள். அறைக்குள் காற்று எந்த வழியாக வருகிறது என்று கேளுங்கள். போனைத் திருப்பி அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அவர் என்ன சொல்கிறாரோ, அதைக் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.